தட்டில்லாத மேசை

ப்ளெசில்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் குரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பத்தாங்காஸிலிருந்து மணிலா போகும் பஸ்ஸில் அவள் நடத்துநர். "உள்ள நகருங்க, நடுவுல மைதானம் மாதிரி காலியா கெடக்கு" என்று அவள் சொன்னால், ஒரு கால் வைக்க இடமில்லாத பஸ்ஸிலும் இன்னும் நாலு பேர் ஏறிவிடுவார்கள். அவள் கத்துவதில்லை. அடிவயிற்றிலிருந்து வரும் குரல் அது. கேட்டவன் யோசிப்பதற்கு முன்னால் அவன் கால் நகர்ந்துவிடும்.

வீட்டில் அந்தக் குரலுக்கு வேலை குறைவு. வீட்டில் இருப்பவள் மகள் க்ரிஸெல் மட்டும்தான். கணவன் அர்னுல்ஃபோ சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மிச்சம் வீட்டில். அவர்களுடைய கல்யாண வாழ்க்கை பெரும்பாலும் போனில்தான் நடந்தது. சண்டையைக்கூட சிக்னல் கிடைக்கும் துறைமுகம் வரும்வரை தள்ளிப்போட வேண்டியிருந்தது. அதற்குள் எதற்குச் சண்டை என்பதே மறந்துவிடும். அது ஒரு வசதி என்று ப்ளெசில்டா சொல்வாள்.

அவன் கப்பலுக்குக் கிளம்பும் நாளில் அவள் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்பாள். சாப்பிட்டு முடிக்காமல் எழுந்து போகக் கூடாது. ஒரு முறை வாடகை வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் சூப்பின் கடைசிச் சொட்டைக் குடிக்கும்வரை அவள் கதவை மறித்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் வழக்கம்தான் இது. சாப்பாட்டின் நடுவில் ஒருவர் எழுந்து வெளியே பயணம் கிளம்பினால், மேசையில் மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் போனவர் பத்திரமாகப் போய்ச் சேருவார். பலர் பாதி விளையாட்டாகச் செய்வார்கள். ப்ளெசில்டாவுக்கு அது விளையாட்டு இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொசாரியோவில் அவள் பெற்றோர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டி.வி.யில் குத்துச்சண்டை. ஐஸ் தீர்ந்துபோனது. அண்ணன் எலியாசர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் வாங்கப் போனான். எல்லோர் கண்ணும் டி.வி.யில் இருந்தது. ஒருவரும் தட்டைத் தொடவில்லை. இறக்கத்தில் கரும்பு ஏற்றி வந்த லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை.

தட்டைச் சுற்றாததால் அண்ணன் செத்தான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பஸ்ஸிலேயே வாழ்பவளுக்கு பிரேக் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் செய்தி வந்தபோது தன் தட்டு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அதன்பிறகு அவள் முன்னிலையில் யாரும் பாதியில் எழுந்து போனதில்லை. போனாலும் தட்டு சுற்றாமல் இருந்ததில்லை.

அந்த வருஷம் அர்னுல்ஃபோவின் விடுப்பு முடியப் போகும் சமயம், லையா கடற்கரையில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கலாம் என்று அவளே சொன்னாள். காலையில் போய் மாலையில் திரும்பும் வழக்கமான கடற்கரை உலா இல்லை. அறை எடுத்து, அலாரம் வைக்காமல் தூங்கி, மதியம் விடுதியின் உணவகத்தில் உட்கார்ந்து, வேறு யாரோ சமைத்ததைச் சாப்பிடுவது. இரண்டாம் நாள் மாலையில் அவன் அங்கிருந்தே நேராக மணிலா போய்விடலாம். அதனால் அவன் பெட்டியும் கூடவே வந்தது. அர்னுல்ஃபோவின் அக்கா டெல்ஃபினாவும் அவள் கணவர் பெர்டிங்கும் அவர்களுடைய இரண்டு பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். பையன்கள் இருவருக்கும் மீசை முளைத்துவிட்டது. ஆனால் டெல்ஃபினா இன்னும் அவர்களுக்கு முதுகில் பவுடர் போட்டுத்தான் அனுப்புவாள்.

வாசலில் காவல்காரர் பைகளைச் சோதித்தார். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. டெல்ஃபினாவின் பையில் துண்டுகளுக்கு அடியில் உருண்டையாக ஏதோ இருந்தது.

"இது என்னங்க?"

"என் வீட்டுக்காரரோட மூச்சு மெஷின்" என்றாள் டெல்ஃபினா, கண் இமைக்காமல்.

பெர்டிங் உடனே புஸ்புஸ் என்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். ஊருக்குள் ஆள் ஏற்றி ஓடும் ஜீப்னி வண்டிகளுக்கு மெக்கானிக் அவர். புகையில் நின்று நின்று அது அவருக்குச் சிரமமில்லாமல் வந்தது. காவல்காரர் துண்டைத் தூக்கி, அந்த ரைஸ் குக்கரைப் பார்த்தார். பெர்டிங்கைப் பார்த்தார்.

"சோறு வடிச்சு மூச்சு விடுவாரா?"

"நம்ம ஊர்ல எவன் வேற எதுல மூச்சு விடறான்?"

காவல்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு அந்த உணவகத்தில் இரண்டு வழி இருந்தது. தட்டில் தனித்தனியாக வாங்கலாம். அல்லது நீளமான மேசை முழுக்க வாழை இலையைப் பரப்பி, நடுவில் கரை கட்டியது மாதிரி சோற்றைக் குவித்து, இரண்டு பக்கமும் சுட்ட பால்கெண்டை, கணவாய், இறால், பன்றி இறைச்சி, சுட்ட கத்தரிக்காய், உப்பு முட்டை, மாங்காய் என்று அடுக்கிவிடுவார்கள். எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கையால் சாப்பிட வேண்டியதுதான். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது.

ப்ளெசில்டா யோசிக்காமல் இலையைத்தான் சொன்னாள். கப்பலில் அர்னுல்ஃபோ குழி குழியாகப் பிரித்த எஃகுத் தட்டில், முகம் தெரியாத ஆட்களுக்கு நடுவில், கரண்டியால் சாப்பிடுகிறவன். போனில் எப்போதும் சொல்வான்: "ருசி கெடக்கட்டும் ப்ளெசி, பக்கத்துல ஒருத்தன் முழங்கைகூட இடிக்க மாட்டேங்குது." அதுதான் அவள் மனதில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. இலைச் சாப்பாட்டில் இலை காலியாகும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. நாளைக்குக் கிளம்புகிறவனை இன்றைக்கு இரண்டு மணி நேரமாவது ஒரே இடத்தில் கட்டிப்போடலாம்.

கடலைப் பார்த்த மாதிரி வரிசையாக ஓலைக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கில் மேசை, இரண்டு நீள பெஞ்சு. ரெய்மார்க் என்ற பரிமாறும் ஆள் இலையைப் பரப்பி எல்லாவற்றையும் அடுக்கி முடித்து, கலமான்சி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுப் போனான். டெல்ஃபினா மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"இவ்ளோதான் சோறா? என்ன, பூனைக்கு வச்சிருக்கானா? குக்கர எடுத்துட்டு வரேன்."

"உக்காருக்கா. அத இன்னைக்கு மூச்சு விடாம வையி" என்றான் அர்னுல்ஃபோ.

ஜெபம் சொல்லிவிட்டுக் கை வைத்தார்கள். அர்னுல்ஃபோ பால்கெண்டையின் வயிற்றுப் பகுதியைப் பிய்த்து, முதலில் க்ரிஸெலின் பக்கம் தள்ளினான். பிறகு தனக்கு முன்னால் சோற்றைக் கோபுரமாகக் கட்டி, அதில் குழி பறித்து, கூனி இறால் விழுதை ஊற்றினான். பெர்டிங் பேசவே இல்லை. அவர் வாய்க்கு அப்போது வேறு வேலை இருந்தது. ப்ளெசில்டா கணவனின் இடது பக்கம் உட்கார்ந்து, வேண்டுமென்றே முழங்கையால் இடித்துக்கொண்டே சாப்பிட்டாள். அவனும் திருப்பி இடித்தான்.

இலை கால்வாசி காலியாவதற்குள் அவன் போன் அடித்தது.

அவன் கை முழுக்கச் சோறு. க்ரிஸெல்தான் போனை அவன் காதில் வைத்துப் பிடித்தாள். அவன் "சரிங்க சார்" என்றான். மறுபடி "சரிங்க சார்."

"என்ன?" என்றாள் ப்ளெசில்டா.

"ஏஜென்சி. சிங்கப்பூர்ல கப்பல் ஒரு நாள் முன்னாடியே கெளம்புதாம். ஃபிளைட்ட இன்னைக்கு ராத்திரிக்கு மாத்திட்டாங்க."

"ராத்திரிதானே. சாப்பிடு."

"லோபோ ஊர்லருந்து இன்னொரு ஆளக் கூட்டிட்டு ஏஜென்சி வேன் வந்துட்டிருக்கு. இந்த வழியாத்தான் போகுதாம். கேட்டுல நிக்கச் சொல்றாங்க. விட்டா வேற வண்டி இல்ல."

"எப்ப வரும்?"

"வந்துட்டே இருக்குன்னுதான் சொன்னாங்க."

ப்ளெசில்டா கையில் உருட்டிய சோற்றை இலையிலேயே திருப்பி வைத்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பச்சை இலைதான் இருந்தது. ஒரு தட்டு இல்லை.

டெல்ஃபினாவும் அதே நேரத்தில் அதையே பார்த்திருக்க வேண்டும். அவள் மெதுவாகச் சொன்னாள், "ப்ளெசி, சுத்தறதுக்குத் தட்டு இல்லையே."

"தெரியுது."

"உன்ன யாரு இலைல வாங்கச் சொன்னது?"

"தெரியுதுக்கா."

அர்னுல்ஃபோ கையை உதறிக்கொண்டே எழுந்தான். "ரெண்டு பேரும் ஆரம்பிக்காதீங்க. கப்பல்ல தெனமும் எவனாவது பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வேலைக்குப் போறான். எவன் தட்டச் சுத்துறான்?"

"அவனுங்க பொண்டாட்டிங்க அங்க இல்ல" என்றாள் ப்ளெசில்டா. "போய்ப் பெட்டிய எடுத்துட்டு இங்க வா. நேரா கேட்டுக்குப் போயிடாத."

அவன் அறைக்கு ஓடினான். மேசையில் நீதிமன்றம் கூடியது. நீதிபதி டெல்ஃபினாதான், இந்த மாதிரி விஷயங்களில் அந்தக் குடும்பத்தில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

"நாம எல்லாரும் சாப்பாட நிறுத்திட்டா?" என்றாள் க்ரிஸெல். "சாப்பாடு முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்ல? அப்ப அப்பா நடுவுல போன மாதிரி ஆகாது."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. எல்லோரும் கையை எடுத்தார்கள். ஆனால் பெர்டிங்கின் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

"முழுங்குங்க" என்றாள் டெல்ஃபினா.

"கணவாய்டி. அவ்ளோ சீக்கிரம் முழுங்க முடியாது."

"அதோட இவ்ளோ சோத்த முன்னாடி வச்சிக்கிட்டு சாப்பாடு முடிஞ்சுதுன்னு சொன்னா சாமி நம்பிடுமா?" என்று டெல்ஃபினா அந்த வழியை அடைத்தாள்.

ப்ளெசில்டா ரெய்மார்க்கைக் கூப்பிட்டுத் தட்டு கேட்டாள். அவன் ஓடிப்போய் ஒரு அடுக்கு வெள்ளைத் தட்டு கொண்டுவந்தான். டெல்ஃபினா அதையும் தள்ளினாள். "எச்சில் படாத தட்டு. கடையில அடுக்கி வச்சிருக்கறதச் சுத்தற மாதிரிதான். யாரு கணக்குல சேரும்?"

"இலைய அப்படியே சுத்திட்டா?" என்றான் மூத்த பையன். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். இலை நரம்போடு கிழிந்து, இறால்கள் மணலில் விழுந்தன. அவன் அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அர்னுல்ஃபோ பெட்டியோடு வந்து நின்றான். பெட்டியின் சக்கரம் மணலில் ஓடவில்லை; தோளில் தூக்கியிருந்தான். போன் மறுபடியும் அடித்தது. வேன் சந்தையைத் தாண்டிவிட்டது.

ப்ளெசில்டா எழுந்தாள். கடலைப் பார்த்தாள், கொட்டகையின் நாலு கம்பத்தைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். நெரிசலான பஸ்ஸில் ஒரு மூட்டையை எங்கே வைக்கலாம் என்று பார்க்கிற அதே பார்வை.

"மேசையச் சுத்தறோம்" என்றாள்.

பெர்டிங்கின் தாடைகூட நின்றது.

"இதுக்குள்ள சுத்தாது, கம்பம் இடிக்கும். மணலுக்கு எடுத்துட்டுப் போகணும். பெஞ்ச அந்தப் பக்கம் போடுங்க."

ரெய்மார்க் கைகளை விரித்துக்கொண்டு முன்னால் வந்தான். "மேடம், மேசைய வெளிய எடுக்கக் கூடாது மேடம். மேனேஜர் என்னத்தான் கேப்பாரு."

"தம்பி, உன் வீட்டுல யாராவது பாதிச் சாப்பாட்டுல கெளம்பினா என்ன பண்ணுவீங்க?"

"சுத்துவோம்."

"அப்புறம்?"

அவன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு ஒரு மூலையைப் பிடித்தான்.

அர்னுல்ஃபோ பெட்டியை இறக்கிவிட்டு இன்னொரு மூலைக்கு வந்தான். டெல்ஃபினா அவன் கையைத் தட்டிவிட்டாள். "நீ தொடாத. போறவன் சுத்தக் கூடாது. உனக்கு இத்தன வயசுக்கு இதுகூடத் தெரியாதா?"

"அப்ப நான் என்ன பண்றது?"

"போறதுதான் உன் வேல. நீ நடக்கணும், நாங்க சுத்தணும். நீ நின்னுட்டிருந்தா நாங்க எதுக்குச் சுத்தறது?"

அப்போதுதான் ப்ளெசில்டாவுக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. சாப்பிட்டவர்கள் எல்லோரும் மேசையில் இருக்க வேண்டும். அவளும் க்ரிஸெலும்கூடத்தான். அப்படியென்றால் அவனோடு கேட்வரை நடக்க முடியாது. ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்குள் அவன் போய் மறையும்வரை நின்றவள் அவள். இந்த முறை அவன் தனியாக மணலில் நடந்துபோகும்போது அவள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான்.

அவள் அதிகம் யோசிக்கவில்லை. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்யக் கை தூக்கினாள். கை முழுக்க எண்ணெய். முழங்கையால் அவன் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

"சோறு பாதி இருக்கு ப்ளெசி."

"நான் சாப்பிட்டுக்கறேன். நட."

க்ரிஸெல் அப்பாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். அவள் கைத்தடம் ஐந்து விரலோடும் அவன் வெள்ளைச் சட்டையில் பதிந்தது. அவன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

"ஆளுக்கொரு பக்கம்" என்று ப்ளெசில்டா சொன்னாள். இப்போது அது பஸ் குரல். "பெர்டிங் மாமா, அந்த நடுக்காலப் பிடிங்க. நான் சொன்னதும் தூக்கணும், இழுக்கக் கூடாது. தூக்கு."

மூங்கில் மேசைதான். ஆனால் அதன்மேல் இருந்த சாப்பாடு கனத்தது. பக்கத்துக் கொட்டகையில் ஏதோ அலுவலகத்துக் கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதில் இரண்டு ஆண்கள் விஷயம் என்னவென்று கேட்காமலேயே எழுந்து வந்தார்கள். டெல்ஃபினா அவர்களை நிறுத்தினாள். "நீங்க எங்க மேசைல சாப்பிடலையே." அவர்களில் ஒருவர் குனிந்து ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மூலையைப் பிடித்தார். மற்றவரும் அப்படியே செய்தார். டெல்ஃபினாவுக்கு அதற்கு மேல் ஆட்சேபம் இல்லை.

மேசை கம்பங்களைத் தாண்டி வெயிலுக்கு வந்தது.

"வலது பக்கம் நில்லு. இடது பக்கம் நட. மெதுவா, மெதுவா. உள்ள நகருங்க, இன்னும் எடம் இருக்கு. பின்னாடி நிக்கறவங்க எதுக்கு நிக்கறீங்க, நகருங்க."

மேசை நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து திரும்ப ஆரம்பித்தது. கால்வாசி. பாதி. பால்கெண்டையின் தலை கடலைப் பார்த்தது. அந்த நேரத்தில் மூத்த பையன் நின்ற இடத்தில் மணல் உள்ளே போய், மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. சோற்றுக் கரை உடைந்து சரிய ஆரம்பித்தது. ப்ளெசில்டா தோளை மேசைக்கு அடியில் கொடுத்தாள். உப்பு முட்டை ஒன்று உருண்டு அவள் கழுத்தில் விழுந்தது.

"பாதி போதும்டி" என்று மூச்சு வாங்கினார் பெர்டிங். இந்த முறை நிஜமாகவே.

"பாதிச் சுத்துன்னா பாதி வழி" என்றாள் டெல்ஃபினா. "அப்புறம் அவன் நடுக்கடல்ல நிக்கவா?"

"யாரும் எறங்கக் கூடாது" என்றாள் ப்ளெசில்டா. "அடுத்த ஸ்டாப் வரைக்கும் எல்லாரும் புடிச்சுக்கங்க. தூக்கு. நட."

தென்னை மரங்களுக்கு நடுவில் அர்னுல்ஃபோ போவது அவளுக்குத் தெரிந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பெட்டியோடு அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு மட்டும்தானா என்று அத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. மேசை முக்கால்வாசி தாண்டியது. பக்கத்துக் கொட்டகையில் மிச்சம் இருந்தவர்கள் தங்கள் தட்டுகளைச் சத்தமில்லாமல் ஆளுக்கொரு சுற்றுச் சுற்றி வைத்தார்கள். மீன் தலை பழையபடி கொட்டகையைப் பார்த்தபோது, ரோட்டில் வேன் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"ஸ்டாப் வந்தாச்சு" என்றாள் ப்ளெசில்டா. "எறக்குங்க."

மேசையை மறுபடி உள்ளே கொண்டுபோகச் சக்தி இல்லாமல், அங்கேயே வெயிலில் பெஞ்சுகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். அலுவலகத்து ஆட்கள் இருவரும் அவர்கள் மேசைக்குத் திரும்பவில்லை. ரெய்மார்க் கைகளைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் சொல்ல ஒரு காரணத்தைத் தேடியபடி நின்றான். டெல்ஃபினா அறைக்குப் போய் ரைஸ் குக்கரை எல்லோர் கண்ணெதிரிலேயே எடுத்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அர்னுல்ஃபோவின் இடத்தில் அவன் கட்டிய சோற்றுக் கோபுரம் சரிந்து, விரல் அடையாளத்தோடு கிடந்தது. ப்ளெசில்டா அங்கே நகர்ந்து உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். விழுது அதிகமாக ஊற்றியிருந்தான், உப்பு கரித்தது. முழுக்கச் சாப்பிட்டாள். க்ரிஸெல் அவள் இடது பக்கம் வந்து உட்கார்ந்து முழங்கையால் இடித்தாள்.

மாலையில் விமான நிலையத்திலிருந்து செய்தி வந்தது. "உள்ள நகருங்கன்னு நீ சொன்னது ரோடு வரைக்கும் கேட்டுச்சு. வேன் டிரைவர் அவனே ரெண்டு இஞ்ச் உள்ள நகந்தான்."

அவன் ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தான். ஒரு கடைவாய்ப் பல் போயிருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. மேசையைச் சுற்றியதால்தானே அப்பா வந்தார் என்று க்ரிஸெல் கேட்டபோது, "கப்பல் நல்லா ஓடுச்சு, அதான்" என்றாள் ப்ளெசில்டா. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

மறுவருஷம் அதே விடுதிக்குப் போனார்கள். உணவகத்துக் கம்பத்தில் புதிதாக ஒரு பலகை ஆணியடித்திருந்தது: மேசைகளைக் கொட்டகைக்கு வெளியே எடுக்கக் கூடாது. ப்ளெசில்டா அதை ஒரு முறை படித்தாள். ரெய்மார்க் பலகைக்கு அடியில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இலையா என்று கேட்டான்.

"தட்டு" என்றாள் அவள். பெஞ்சில் அர்னுல்ஃபோவின் பக்கத்தில், முழங்கை படுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.